விடைத்தாளைக் காட்டச் சொன்னேன், அவ்வளவுதான்



போன செவ்வாய்க்கிழமை, ஜூலை 29, சாயங்காலம் துவாக்குடி அண்ணா வளைவு அருகே பதினோரு பேர் கையில் அட்டை பிடித்து நின்றோம். அந்தப் படம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்ததும், சொந்தக்காரர்கள் குழுவுக்குத் தாவியதும், அதன்பின் எனக்கு வந்த அர்ச்சனைகளும் உங்களில் பலருக்குத் தெரியும். "சார், உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை" என்று எழுதினான் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற மாணவன். "சித்தப்பா, வயசான காலத்துல உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று குரல் பதிவு அனுப்பினான் நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகன். "துப்பாக்கித் தொழிற்சாலைச் சம்பளத்துல சோறு தின்ற ஊர்ல நின்னுக்கிட்டு போர் வேண்டாமா?" என்று கேட்டவர் என் மனைவி வழிச் சொந்தம். பெரியவர், பதில் சொல்லாமல் விட முடியாது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதக் கை வலிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முப்பத்துமூன்று வருஷம் வரலாறு நடத்தியவன், சுருக்கி எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். படத்தில் பாதிதான் தெரிகிறது. "போர் வேண்டாம்" என்பது மேல் வரி. கீழே மூன்று வரி இருந்தது. 1962 போர் பற்றிய அறிக்கையை வெளியிடு. இலங்கைக்குப் போன அமைதிப்படை பற்றி வெள்ளை அறிக்கை வை. இந்த மே மாதம் நடந்தது பற்றி கார்கில் குழு மாதிரி ஒரு குழு போடு. இவ்வளவுதான். இதில் எந்த வரி தேசத்துரோகம் என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

ஏன் ஜூலை 29? மூன்று காரணம். 1987 ஜூலை 29 அன்றுதான் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், நம் படை இலங்கைக்குக் கிளம்பியது. 1999 ஜூலை 29 அன்றுதான் கார்கில் ஆய்வுக் குழுவை வாஜ்பாய் அரசு அமைத்தது. இந்த வருஷம் அதே தேதியில் நாடாளுமன்றத்தில் ஆபரேஷன் சிந்தூர் விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு தேதியில் போனோம், ஒரு தேதியில் கணக்குப் பார்த்தோம், ஒரு தேதியில் பேசிக் கைதட்டி முடித்துக்கொண்டோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை நான் வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை.

1987-ல் நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஜூன் 4-ம் தேதி நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்ட செய்தி வந்தபோது பள்ளியே குதித்தது. ஒப்பந்தம் கையெழுத்தானதும், நானே முன்னால் நின்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காகிதக் கொடி செய்து கொடுத்து மெயின் ரோட்டில் ஊர்வலம் கூட்டிப் போனேன். கரும்பலகையில் கொட்டை எழுத்தில் "நம் சகோதரர்களைக் காக்க நம் படை" என்று எழுதினேன். அந்த வகுப்பில் இருந்த சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு நன்றாகவே இருக்கிறது.

அக்டோபர் 10-ம் தேதி எந்தப் படை காக்கப் போனதோ அதே படை யாழ்ப்பாணத்தில் சண்டையைத் தொடங்கியது. பல்கலைக்கழக மைதானத்தில் ராத்திரியில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் அங்கேயே செத்தார்கள். ஒருவர் பிடிபட்டார். எதிரி காத்திருக்கிறான் என்று தெரியாமலே அந்தப் பிள்ளைகளை இறக்கிவிட்டவர்கள் யார்? இந்தக் கேள்விக்கு 38 வருஷமாக அரசிடமிருந்து பதில் இல்லை. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. மருத்துவர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று சுமார் 70 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கச் சண்டைக்கு நடுவில் சிக்கியவர்கள் என்றது ராணுவத் தரப்பு. சீருடையோடு, கையை உயர்த்தியபடி நின்றவர்களைச் சுட்டார்கள் என்றனர் பிழைத்தவர்கள். எது உண்மை என்று விசாரித்துச் சொல்ல வேண்டியது யார்? நம் அரசுதானே?

அந்தச் சண்டையில் நம் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் இறந்தான். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் இருக்கிறது. அவனுடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பென்ஷன் மனு, சர்ட்டிபிகேட் மனு எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஒரு நாள் மனுவில் கைநாட்டு வைத்துவிட்டுக் கேட்டார்: "சார், சீனாக்காரன்கூட சண்டை, பாகிஸ்தான்காரன்கூட சண்டைன்னா புரியுது. எம்புள்ளை எதுக்கு சார் அங்க போனான்?" நான் வரலாற்று ஆசிரியர். எனக்குப் பதில் தெரியவில்லை. "நாட்டுக்காகப் போனார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

1990-க்குப் பிறகு நம் வாழவந்தான்கோட்டை முகாமிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு வர ஆரம்பித்தார்கள். அதில் ஒரு பையன், எட்டாம் வகுப்பு. அந்த வருஷம் தமிழ் ஆசிரியர் லீவில் போனதால் நான் கட்டுரை நோட்டுத் திருத்தினேன். தலைப்பு "நான் கொண்டாடிய தீபாவளி". எல்லாப் பிள்ளைகளும் புதுச் சட்டை, மத்தாப்பு, அதிரசம் என்று எழுதியிருந்தார்கள். அவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அவனுடைய பெரியம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்ததையும், மறுநாள் அவர் திரும்பி வராததையும். எழுத்துப் பிழை நாலு இடத்தில் இருந்தது. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை மார்க் போடுவது? கடைசியில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். சில நாள் கழித்து அவன் அப்பா பள்ளிக்கு வந்தார், வேறு வேலையாக. பேச்சு அங்கே போனது. அவர் கேட்டார்: "உங்கட ஆமி ஏன் சேர் அங்க வந்தது?"

பாருங்கள். ஒரே ஊர். நாலு கிலோமீட்டர் வித்தியாசத்தில் இரண்டு வீடு. ஒரு வீட்டில் துப்பாக்கி பிடித்தவன் செத்தான், இன்னொரு வீட்டில் துப்பாக்கிக்கு முன்னால் இருந்தவர் செத்தார். இரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி. இரண்டு பேரும் அதை என்னிடம் கேட்டார்கள், ஏனென்றால் கேட்க வேறு ஆள் இல்லை. நான் செவ்வாய்க்கிழமை அட்டை பிடித்து நின்றது அந்த இரண்டு அப்பாக்களுக்காக. இருவரும் இப்போது இல்லை.

அமைதிப்படை 1990 மார்ச் 24-ல் திரும்பி வந்தது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் திரும்பவில்லை. வரவேற்கப் போகமாட்டேன் என்று முதலமைச்சராக இருந்த கலைஞர் சொன்னதை அன்று ஒரு சாரார் தூற்றினார்கள், ஒரு சாரார் போற்றினார்கள். நான் கேட்பது வேறு. போகச் சொன்னவர்களை யாராவது கேட்டார்களா? அன்றைய தூதர் ஜே.என். தீட்சித் புத்தகம் எழுதினார். தளபதி தீபிந்தர் சிங் எழுதினார், ஹர்கிரத் சிங் எழுதினார். அரசியல்வாதி மேல் ராணுவம், ராணுவத்தின் மேல் தூதரகம், எல்லோர் மேலும் உளவுத்துறை என்று பழி சுற்றிச் சுற்றி வந்தது. கார்கிலுக்கு வந்த மாதிரி ஓர் ஆய்வறிக்கை மட்டும் நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் உயிர் விட்டுப் பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் பரமேஸ்வரன் ஒரு தமிழர். சென்னை அரும்பாக்கத்தில் அவர் பெயரில் குடியிருப்பு இருக்கிறது. பதக்கம் கொடுத்தோம், பெயர் வைத்தோம், ஏன் செத்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஏன் நாமும் கேட்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பிறகு அமைதிப்படை பற்றிக் கேட்டாலே புலி ஆதரவாளன் என்று முத்திரை விழுந்தது. முகாம்களில் சோதனை, தெருவில் சந்தேகம். என்னைப் போன்ற சம்பளக்காரர்கள் வாயை மூடிக்கொண்டோம். அந்தக் கொலை மன்னிக்க முடியாதது. ஆனால் ஒரு கொலையைக் காட்டி மற்ற மரணங்களின் கணக்கை மூடிவிடலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"அப்போ புலிகள் செய்ததை ஏன் கேட்கலை?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். கேட்டவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நான்கு பேர், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன், ரஜனி திரணகம. இலங்கை ராணுவம் செய்தது, இந்தியப் படை செய்தது, புலிகள் செய்தது, மற்ற இயக்கங்கள் செய்தது என்று ஒன்றையும் விடாமல் எழுதினார்கள். "முறிந்த பனை" என்ற அந்தப் புத்தகம் 1990-ல் வெளிவரும்போது ரஜனி உயிரோடு இல்லை. 1989 செப்டம்பர் 21-ல் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். உடற்கூறியல் சொல்லிக் கொடுத்த ஆசிரியை, இரண்டு பெண் குழந்தைகளின் தாய். சாவை எண்ணுவது ஆசிரியர் வேலையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அவர்தான். எனக்கு அண்ணா வளைவில் வெயில் மட்டும்தான் அடித்தது.

இப்போது "ராணுவத்தின் மனவலிமை குறையும்" என்ற வாதத்துக்கு வருகிறேன். சுபேதார் தம்பி, இது உனக்கு.

கன்டோன்மென்ட் பக்கம் போகும்போதெல்லாம் மேஜர் சரவணன் நினைவிடத்தைப் பார்க்கிறாய். 1999 மே 29-ல் பட்டாலிக்கில் விழுந்தவர். உடலை மீட்டுக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவர் ஏன் அந்த மலையில் ஏற வேண்டியிருந்தது? மேலே பகைவன் வந்து உட்கார்ந்தது நமக்குத் தெரியாமல் போனதால். இதைச் சொன்னது நான் இல்லை. அரசு போட்ட கார்கில் ஆய்வுக் குழு. அதன் தலைவர் கே. சுப்பிரமணியம், பிறந்தது நம் திருச்சியில், இன்றைய வெளியுறவு அமைச்சரின் தந்தை. போர் முடிந்து மூன்று நாளில் குழு போட்டார்கள், அந்த டிசம்பருக்குள் அறிக்கை கொடுத்தார்கள், 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். சில பகுதிகளை மறைத்தார்கள், தனிப்பட்ட யாரையும் குற்றம் சாட்டவில்லை என்ற குறைகளெல்லாம் உண்டு. ஆனாலும் நாட்டு மக்கள் படித்தார்கள். ராணுவம் உடைந்து போனதா? இல்லை. உளவுத்துறையில் மாற்றம் வந்தது, பாதுகாப்பு உளவு முகமை என்ற புது அமைப்பு வந்தது. தப்பைத் தப்பு என்று சொன்னதால் அடுத்த சரவணனுக்குக் கொஞ்சம் பாதுகாப்புக் கிடைத்தது.

1962-ஐ எடுத்துக்கொள். ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் என்ற இரண்டு அதிகாரிகள் தோல்வியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். காங்கிரஸ் ஆட்சியும் வெளியிடவில்லை, பா.ஜ.க. ஆட்சியும் வெளியிடவில்லை. 2014-ல் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் தன்னிடம் இருந்த பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். ஊர் உலகம் படித்ததை நம் அரசு நமக்கு இன்னும் ரகசியம் என்கிறது. அதே 1962-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டவர் இளம் எம்.பி. வாஜ்பாய். நேரு கூட்டினார், நவம்பர் 8-ல். பிரதமரை முகத்துக்கு நேராக விளாசினார்கள். வாஜ்பாயை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. இந்த மே மாதம் சிறப்புக் கூட்டம் கேட்டபோது கூட்டவில்லை. ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மே மாதத்துக்கே வருகிறேன். பஹல்காமில் ஏப்ரல் 22-ல் 26 பேரைக் கொன்றவர்கள் கொலைகாரர்கள். அவர்களுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். "அந்த விதவைகள்கிட்ட போய் போர் வேண்டாம்னு சொல்லுங்க சித்தப்பா" என்றாய் மகனே. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாக்களுக்கும் ஒரு கேள்வி இருக்குமே. அத்தனை பேர் கூடிய புல்வெளியில் ஏன் ஒரு காவல்காரன்கூட இல்லை? பாதுகாப்பில் குறை நடந்தது, பொறுப்பு எனது என்று ஜம்மு காஷ்மீர் துணைநிலை ஆளுநரே ஜூலையில் சொன்னார். பொறுப்பு என்றால் என்ன? சொல்லிவிட்டால் முடிந்ததா?

மே 7-ல் தாக்குதல் தொடங்கியது. பூஞ்ச்சில் பீரங்கிக் குண்டு விழுந்து பொதுமக்கள் செத்தார்கள், பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்து. அதே நேரம் நம் தொலைக்காட்சிகளில் என்ன ஓடியது? கராச்சித் துறைமுகம் எரிகிறது, இஸ்லாமாபாத் விழுந்தது. ஒன்றுகூட உண்மை இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகள், அதிலும் இன்ஜினீயர்கள், அதை எனக்கே அனுப்பி வைத்தீர்கள். "ஆதாரம் என்ன?" என்று கேட்டதற்கு, "சார், இந்த நேரத்துல கேள்வி கேட்கக் கூடாது" என்றீர்கள். நான் சொல்லிக் கொடுத்த வரலாறு அன்றைக்குத் தோற்றது.

நம் விமானங்கள் விழுந்தனவா என்று இங்கே கேட்டவர்களை வசை பாடினார்கள். மே 31-ல் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் சிங்கப்பூரில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களிடம், விமானங்களை இழந்தோம், காரணம் கண்டு திருத்திக்கொண்டோம் என்று சொன்னார். எத்தனை என்று சொல்லவில்லை. அவர் நேர்மையாகச் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் சிங்கப்பூரில் சொல்லக்கூடிய விஷயத்தைத் திருச்சியில் கேட்கக் கூடாதா? வரி கட்டுகிறவன் இங்கேதானே இருக்கிறான்?

சண்டை நடக்கும்போது படை எங்கே நிற்கிறது என்று கேட்பவன் முட்டாள். அதை நான் கேட்கவில்லை. பரீட்சை ஹாலில் யாரும் விடைத்தாளைப் பிடுங்குவதில்லை. மணி அடித்த பிறகாவது திருத்த வேண்டாமா?

பெரியவர் கேட்ட சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், நம் ஊரைச் சுற்றி 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ஹெச்.ஏ.பி.பி.யில் டாங்கியைத் துளைக்கும் குண்டுக்குக் கூர்முனை செய்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் பிள்ளைகளைத்தான் நான் படிக்க வைத்தேன். உழைத்துச் சாப்பிட்ட அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அதனால்தான் மற்ற ஊரைவிட நமக்குக் கேட்கும் உரிமை அதிகம். நாம் செய்து கொடுத்த பொருள் எங்கே போனது, யார் உத்தரவில் போனது, எதற்காகப் போனது என்று செய்து கொடுத்தவன் கேட்கக் கூடாதா? அரிவாள் அடித்துக் கொடுக்கும் கொல்லன்கூட, கதிர் அறுக்கவா வேறெதற்காவா என்று ஒரு வார்த்தை கேட்பான்.

இன்னொன்று, நம் தமிழர்களுக்கு. 2013 மார்ச்சில் கல்லூரிப் பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்க வீதிக்கு வந்தார்கள். 2009-ல் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு விசாரணை வேண்டும், இலங்கை அரசு தன்னைத் தானே விசாரிப்பதை ஏற்க மாட்டோம் என்றார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொல்லியிருந்தது. நியாயமான கோரிக்கை. நானும் கையெழுத்துப் போட்டேன். அடுத்தவன் ராணுவத்துக்கு சர்வதேச விசாரணை கேட்ட நாம், நம் ராணுவத்தை அனுப்பியவர்களிடம் ஓர் உள்நாட்டு அறிக்கைகூடக் கேட்கக் கூச்சப்பட்டால், கொழும்பில் இருப்பவன் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா?

நான் கேட்பது ஆகாயத்துப் பூ இல்லை. ஈராக் போர் பற்றி பிரிட்டன் விசாரித்தது. சில்காட் குழு ஏழு வருஷம் எடுத்துக்கொண்டு, 2016 ஜூலை 6-ல் 12 தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. சமாதான வழிகள் தீருமுன்பே போருக்குப் போனார்கள் என்று தங்கள் பிரதமரைப் பற்றியே எழுதினார்கள். செத்த ஈராக்கியர் திரும்பவில்லைதான். ஆனால் மகனை இழந்த ஒரு பிரிட்டிஷ் அப்பாவுக்கு, அவன் ஏன் போனான் என்று படிக்க ஒரு காகிதமாவது இருக்கிறது. நம் பக்கத்துக் கிராமத்து அப்பாவுக்கு அதுகூட இல்லை.

நம் அரசே 2021 ஜூனில் ஒரு கொள்கை அறிவித்தது. ராணுவ நடவடிக்கை முடிந்து ஐந்து வருஷத்துக்குள் வரலாறு எழுதப்பட வேண்டும், ஆவணங்கள் சாதாரணமாக 25 வருஷத்தில் ரகசியம் நீக்கப்பட வேண்டும் என்று. நல்ல கொள்கை. அமைதிப்படை திரும்பி 35 வருஷம் ஆகிவிட்டது. பழைய போர்களைத் தனித்தனியாகப் பரிசீலிப்போம் என்றார்கள். பரிசீலியுங்கள் என்றுதான் அட்டை பிடித்தோம். கேட்டது அவர்கள் போட்ட விதியைத்தான்.

ஆகஸ்ட் கடைசிக்குள் மூன்று வேலை செய்யப் போகிறேன். அமைதிப்படை ஆவணங்களின் நிலை என்ன என்று பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. மக்களவையின் மனுக்கள் குழுவுக்கு ஒரு மனு. நம் எம்.பி.க்கு ஒரு கடிதம். மாதிரி எழுதி இங்கேயே போடுகிறேன். விருப்பம் உள்ளவர்கள் உங்கள் பெயரில் அனுப்புங்கள். என்னோடு உடன்படாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே சண்டை போடலாம். சுபேதார் தம்பி, நீ கட்டாயம் வர வேண்டும். உன்னோடு பயிற்சி முடித்து யாழ்ப்பாணத்தில் இறங்கியவர்களைப் பற்றி நீ ஒரு முறை ஸ்டாஃப் ரூமில் என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதை மனுவில் எழுத உன்னைவிடத் தகுதியானவன் யார்?

அடுத்த வருஷம் ஜூலை 29 சாயங்காலமும் அண்ணா வளைவில் நிற்பேன், உடம்பு இடம் கொடுத்தால். 1987-ல் காகிதக் கொடி பிடித்து என் பின்னால் வந்த பிள்ளைகள் முப்பத்தெட்டு பேர். அதில் ஒருவர் இந்த முறை பக்கத்தில் வந்து நின்றார். மிச்சப் பேரை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
துவாக்குடி.